வயநாட்டுப் பொன்வேட்டையும் பந்தலூரின் எழுச்சி வீழ்ச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பொன்னை நாடி மக்கள் திரள்திரளாகப் பெயர்ந்த நிகழ்ச்சிகள் உலக வரலாற்றிலே தனி அத்தியாயமாக அமைவன. 1848ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் கலிபோர்ணியாவிலே மரம் அரியும் ஆலையொன்றின் நீரோடையிற் பொன் துகள் தென்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோ, அடுத்த ஆண்டு முடிவதற்குள் இருபத்தையாயிரம் பேர் நெருங்கி வாழும் நகரமாயிற்று. 1851இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலே பலராற், பெண்டிகோ ஆகிய இடங்களிலும், 1896இல் கனடாவின் வடமேற்கே குளொண்டைக் ஆற்றுப் பக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. இவ்வாறெழுந்த ஊர்களுட் சில நிலைத்தன. பல ஆளற்றுப் பாழடைந்தன. மேனாட்டார் இவற்றைப் பற்றி எழுதிக் குவித்த நூல்களுக்குக் கணக்கில்லை. ஆனால் நீலகிரியின் மேற்குச் சரிவிலே, 1879இற் கிளர்ந்து நான்கைந்து ஆண்டுகளுள் அடங்கிய வயநாட்டுப் பொன்வேட்டையைத் தமிழிற் பேசியவர் சிலரே. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த நோயோடும், பிற்காலத்தில் மலையகத் தமிழர் அனுபவித்த இடப்பெயர்வோடும் பின்னிக் கிடக்கும் கதையாதலின், இங்குள்ள வாசகருக்கு அது புறநாட்டுக் கதையன்று.

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நிலப்பகுதி தென்கிழக்கு வயநாடு எனப்பட்டது. முன்னர் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1877இலே நீலகிரி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் காடு அது. மழையோடு காய்ச்சலும் உடன்பிறந்தது. மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்குக் குடியேறத் தயங்கினர். காட்டின் பழங்குடிகளான பணியரும் குறும்பரும் அங்கு வாழ்ந்தனர். நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர்த் திருமுல்பாட்டின் சன்ம உரிமைக்கு உட்பட்டிருந்தது.

அங்குப் பொன் உண்டென்பதை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வருமுன்னரே குறும்பர் வெண்படிகப் பாறையின் நரம்புகளைப் பின்பற்றிச் சிறு குழிகளும் குகைகளும் தோண்டியிருந்தனர். உடைத்தெடுத்த கல்லைக் கல்லாலேயே இடித்துத் தூளாக்கி, ஓடை நீரில் அலசிப் பொன்னைப் பிரித்தனர். பணியர் மழைக்குப் பின் ஆற்று மணலை மரத் தட்டுகளில் இட்டுக் கழுவினர். இம்முறை பல தலைமுறைகள் நிலைத்ததற்குக் காரணம் அதன் சிக்கனமே எனச் சிலர் புகழ்வர். அச்சிக்கனத்தின் அடிப்படை யாதென்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். பணியர் நிலத்தோடு பிணிக்கப்பட்ட அடிமைகள். அவர்களின் உழைப்புக்கு உடைமையாளர் கொடுத்தது அன்றாடக் கஞ்சிக்கு மேலில்லை. கூலி என்றொரு செலவு இல்லாதபோது, நாள் முழுதும் கழுவிக் குன்றிமணியளவு பொன் கிடைப்பினும் அது ஆதாயமே. வயநாட்டுப் பாறையிற் பொன் இருந்தது. ஆனால் கூலியும் வட்டியும் கொடுத்து எடுக்கத்தக்க அளவில் இருந்ததா என்ற வினாவை அந்நாளில் எவரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

1840களிலிருந்து வயநாட்டிலே வெள்ளைக்காரத் துரைமார் கோப்பி பயிரிடலாயினர். அக்காலத்து இலங்கையின் கண்டிச் சீமையிலே நிகழ்ந்ததே அங்கும் நிகழ்ந்தது: காடு வெட்டப்பட்டது, கடன் வாங்கப்பட்டது, கூலிகள் கொண்டுவரப்பட்டனர், விளைச்சல் இலண்டனுக்குச் சென்றது. அறுபதுகளின் நடுப்பகுதியிலே தண்டைத் துளைக்கும் வண்டு வயநாட்டுத் தோட்டங்களைத் தாக்கியது. 1869இல் இலங்கையிலே முதன்முதல் அடையாளங் காணப்பட்ட இலைநோய் தென்னிந்தியாவுக்கும் பரவிற்று. இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படர்ந்து, இலையுதிர்ந்து, செடி மொட்டையாகும் அந்நோயை இலங்கைத் துரைமார் முதலிற் பொருட்படுத்தவில்லை. வயநாட்டார் அவர்களினும் விழிப்பாக இருந்தாரல்லர். எழுபதுகளின் இறுதியில் இரு நாடுகளிலும் நிலைமை ஒன்றாயிற்று. மரம் நின்றது; காய் இல்லை. கடன் நின்றது, அடைக்க வழியில்லை.

இலங்கையிலே கைவிடப்பட்ட கோப்பி நிலம் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறிற்று. வயநாட்டுத் துரைமாருக்கு அதனினும் விரைவான வழியொன்று கிட்டியது. தங்கள் தோட்டத்தின் அடியிலே பாறை நரம்பு ஓடுகிறதென்பது அவர்கட்குத் தெரிந்திருந்தது. அறுபதுகளிலேயே அவுஸ்திரேலியப் பொன்வயல்களிற் பழகிய சிலர் அங்கு வந்து கல்லைத் தட்டிப் பார்த்தனர். எழுபதுகளின் நடுப்பகுதியில் அல்பா என்ற சிறு கம்பனி தேவாலாவுக்கு அண்மையிற் கல்லிடிக்கத் தொடங்கிற்று. 1875இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் பொன்வயலைப் பார்வையிட்டு நம்பிக்கை தரும் குறிப்பொன்றை வெளியிட்டார். அதன் பின்னரே அரசு ஒரு நிபுணரை அழைத்தது. அவர் றொபேட் புறூ சிமித். விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். அந்நாட்டுப் பொன்வயல்களைப் பற்றி 1869இல் பெருநூலொன்று எழுதியவர். கீழுள்ள உத்தியோகத்தரை நடத்திய விதம் பற்றிய விசாரணையின் பின் 1876இற் பதவி துறந்தவர். 1879இல் வயநாட்டுக்கு வந்த அவர், நரம்புகளின் எண்ணிக்கையையும் அவற்றிற் கண்ட பொன்னின் அளவையும் வரிசைப்படுத்தி அடுத்த ஆண்டு அறிக்கை சமர்ப்பித்தார். அறிக்கை ஊக்கமளித்தது. விக்டோரியாவை அறிந்தவர் சொல்வதென்றால் இலண்டனிலே மறுபேச்சேது?

அறிக்கை முடியுமுன்னரே பங்குச் சந்தை கிளர்ந்தெழுந்துவிட்டது. 1879 முதல் 1881 வரையான காலத்துள் தென்னிந்தியப் பொன்னைக் காரணங்காட்டி முப்பதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் இங்கிலாந்திலே பதிவு செய்யப்பட்டன. அவற்றின் பெயரளவிலான மூலதனம் நான்கு மில்லியன் பவுணுக்கு மேற்பட்டது. அல்பா, பீனிக்ஸ், கிளென்றொக் எனப் பெயர்கள் கவர்ச்சியாகவே அமைந்தன. இவ்வளவு பெருந்தொகை எங்குச் சென்றதென்பதிலேயே இவ்வரலாற்றின் சூக்குமம் அடங்கியுள்ளது. தோட்ட உடைமையாளர் தம் நோயுற்ற நிலத்தை இடைத்தரகருக்கு விற்றார். தரகர் அதனைப் பன்மடங்கு விலையில் தாமே தோற்றுவித்த கம்பனிக்கு விற்றார். விலையின் ஒரு பகுதி பணமாகவும் மறுபகுதி பங்காகவும் கைமாறிற்று. பொதுமக்கள் செலுத்திய தொகையில் நிலத்தின் விலை போக எஞ்சியதே சுரங்கம் தோண்டுதற்கான முதல். பல கம்பனிகள் முதல் தொன் கல்லை இடிக்குமுன்னரே தம் செல்வத்தின் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டன.

கலிபோர்ணியாவிலும் விக்டோரியாவிலும் முதலில் ஓடியவர்கள் சாதாரண மனிதர். கையிலே மண்வெட்டியும் தட்டும் மட்டும் கொண்டு ஓடினர். வயநாட்டை நோக்கி ஓடியது மூலதனம். தோண்டுபவன் ஒருவன் தன் பெயரில் ஒரு துண்டு நிலத்தை எல்லையிட்டு உரிமை கோர அங்கு வழியில்லை. நிலம் சன்மியுடையது, குத்தகை துரையுடையது, பத்திரம் கம்பனியுடையது. விக்டோரியாவில் அனுமதிக் கட்டணத்துக்கு எதிராகக் கிளர்ந்த சுரங்கத் தொழிலாளர் 1854 டிசெம்பரிலே பலராற்றில் அரண் அமைத்துப் படையை எதிர்த்தனர். தோற்றனராயினும் அடுத்த ஆண்டே ஆண்டுக்கு ஒரு பவுண் செலுத்தி உரிமைச் சீட்டுப் பெறும் முறையும் அதனோடு வாக்குரிமையும் வந்தன. அத்தகைய கிளர்ச்சி வயநாட்டில் எழுந்திருக்க முடியாது. அங்குக் குழியில் இறங்கியவன் மைசூர்ப் பக்கத்திலிருந்தோ மலபாரிலிருந்தோ வந்த கூலி. பொன் கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் அவனுக்கு அணாக் கணக்குத்தான்.

எனினும் நகரம் எழுந்தது. காட்டுப் பாதையோரமாகச் சில குடிசைகள் இருந்த பந்தலூர், இரண்டு ஆண்டுகளுள் பொன்வயலின் மையமாயிற்று. கடைவீதி, தபாற் கந்தோர், தந்தி, விடுதி யாவும் வந்தன. சூழவுள்ள குன்றுகளின் உச்சியில் முகாமையாளரின் பங்களாக்கள் ஒன்றையொன்று பார்த்தவாறு நின்றன. இங்கிலாந்திற் செய்த இடிப்பு யந்திரங்கள் மேற்குக் கரையிலே இறக்கப்பட்டு, நிலம்பூர் வழியாகக் கர்க்கூர்க் கணவாயில் ஏற்றப்பட்டன. வார்ப்பிரும்புத் தூண்களையும் சில்லுகளையும் மாட்டு வண்டிகள் இழுத்துச் சென்ற பாதையை இன்று பார்ப்பவர், அவற்றுட் சில இடைவழியிலேயே நின்றுவிட்டமைக்கு வியப்படையார். மேலே சென்று சேராமலே கணவாய்ச் சரிவிலே துருப்பிடித்துக் கிடந்த யந்திரப் பாகங்கள் பல. மழைக்காலம் தொடங்கியதும் வேலை தடைப்பட்டது. காய்ச்சல் தொடங்கியதும் ஆட்கள் ஓடினர். சம்பளப் பட்டியல் மட்டும் நிற்கவில்லை.

இனி, கல் இடிக்கப்பட்டபோது நேர்ந்ததைக் கூறலாம். பாறை நரம்பின் மேற்பகுதி காற்றாலும் மழையாலும் சிதைந்து, அதன் இரும்புக் கனிமங்கள் கரைந்துபோக, கரையாத பொன் அங்கேயே தங்கிச் செறிவுறுவது நிலவியலார் நன்கறிந்த உண்மை. குறும்பர் தோண்டியதும் அப்பகுதியையே. பரிசோதனைக்குக் கல்லெடுத்தோரும் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்தும் பழைய குழிகளிலிருந்துமே எடுத்தனர். யந்திரங்கள் ஆழத்துக் கல்லை இடித்தபோது விளைச்சல் அறிக்கைகள் காட்டிய அளவுக்கு அண்மையிலும் வரவில்லை. ஏனைய பண்டமாயின் செலவு கூடினால் விலையைச் சற்றுக் கூட்டி விற்கலாம். பொன்னுக்கு அது இயலாது. இங்கிலாந்து வங்கி ஓர் அவுன்சு நியமப் பொன்னுக்கு 3 பவுண் 17 சிலிங்கும் சில பென்சுமாக விலையை நிலைநிறுத்தியிருந்தது. தேவாலாவில் எடுத்த பொன்னாயினும் பலராற்றில் எடுத்த பொன்னாயினும் விலை ஒன்றே. எடுக்கும் செலவு மட்டும் வேறு. இக்கணக்கை ஒரு பள்ளி மாணவனும் போட்டிருப்பான். பங்கு வாங்கியோர் போடவில்லை. விற்றோர் போட்டிருந்தனர் என்றே கருத வேண்டியுள்ளது.

1883 அளவில் பெரும்பாலான கம்பனிகள் முடங்கின. ஓரிரண்டு, பெயரை மாற்றியும் மூலதனத்தைக் குறைத்தும் தொண்ணூறுகள்வரை இழுபட்டன. 1901இல் நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எய்டன், அற்ச் ஆகிய இருவரும் முழு வயலையும் மீண்டும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, எதிர்கால நம்பிக்கைக்கு இடமளிக்கவில்லை. 1908இல் நீலகிரி மாவட்ட விவரத் திரட்டை எழுதிய பிரான்சிஸ் இப்பகுதியைப் பற்றிக் கூறும் பக்கங்களில் இடிந்த பங்களாக்களும் காடு மூடிய யந்திரங்களுமே காட்சி தருகின்றன. கால் நூற்றாண்டுக்குள் ஒரு நகரம் விவரத் திரட்டின் தொல்பொருட் குறிப்பாகிவிட்டது.

இவ்வீழ்ச்சியை முற்றும் மோசடி எனத் தள்ளிவிடுவாரும் உளர். பொன்னே இல்லை எனக் கூறுவாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல. இக்கேள்விக்கு விடை காணக் கோலாரை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. வயநாட்டுக்காகச் சந்தை கிளர்ந்த அதே நாள்களில், 1880இலே, மைசூர் நாட்டுக் கோலாருக்காகவும் இலண்டனிற் கம்பனிகள் தோன்றின. அங்கும் 1883 அளவில் முதல் கரைந்தது, பொன் கிட்டவில்லை. மைசூர்க் கம்பனியின் பங்குதாரர் கலைத்துவிடுவதென்றே எண்ணினர். முகாமை செய்த யோன் ரெயிலர் நிறுவனத்தார், எஞ்சிய 13,000 பவுணையும் செலவிட்டுப் பார்ப்போம் என இணங்கச் செய்தனர். பழங்காலத்தார் தோண்டிய குழிகளின் அடியை மேலும் தொடர்ந்து சென்றபோது சம்பியன் நரம்பு வெளிப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் 51 மில்லியன் தொன் கல்லிலிருந்து 800 தொன் அளவிற் பொன் எடுக்கப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிற்று. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், அங்குத் தலைமுறை தலைமுறையாகக் கல்லுடைத்து, பாறை வெடிப்புக்கும் நுரையீரலிற் படியும் கற்றூளுக்கும் பலியாயினர். ஆகவே கம்பனி தொடங்கிய முறையில் இரு வயல்களுக்கும் வேற்றுமை பெரிதன்று, பாறையிலேயே வேற்றுமை.

ஆனாற் கைவிடப்படலிலே இரண்டும் மீண்டும் ஒன்றாகின்றன. ஆழம் கூடக் கூடக் கோலாரிலும் கல்லிற் பொன்னின் அளவு குறைந்தது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் பொறுப்பேற்ற அச்சுரங்கங்கள் 2001 பெப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அடியிற் பொன் தீர்ந்துவிடவில்லை. எடுக்கும் செலவு அதன் பெறுமதியை விஞ்சிவிட்டது. சயனைடு கலந்த கழிவு மண் குன்றுகளாக நின்றது. மக்கள் வெளியேறவில்லை. விடியற்காலைப் புகையிரதத்தில் பெங்களூருக்குச் சென்று இரவில் மீளும் கூலிகளின் ஊராகக் கோலார்த் தங்கவயல் மாறிற்று. பாழ்நகர் என்ற சொல் மேனாட்டு வரலாற்றிலே பொருத்தமாக இருக்கலாம். வேறு நிலமில்லாத தொழிலாளன் குடியிருக்கும் நாட்டில், முதல் விலகிய பின்னும் ஊர் காலியாவதில்லை.

பலராற் ஏன் பிழைத்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது. மேற்பரப்புப் பொன் தீர்ந்தபோது அங்கிருந்தோர் நிலத்தைத் திறந்துவிடுமாறு அரசை நெருக்கினர். அறுபதுகளின் காணிச் சட்டங்கள், குறைபாடுகள் பல இருந்தபோதும், உழவு நிலத்துக்கு வழிவகுத்தன. சுரங்கத்துக்கு யந்திரம் வார்த்த பட்டறைகள் புகையிரத எஞ்சின்களைச் செய்தன. அம்மண்ணின் ஆதிக்குடிகள் இழந்தவை பற்றிய கணக்கு வேறு. ஆனால் குடியேறியவன் கையில் நிலம் சேர்ந்தது. பந்தலூரில் எவர் கையிலும் சேரவில்லை. கம்பனிகள் வாங்கியதும் குத்தகை உரிமையே. சன்மியின் உரிமை, கம்பனியின் உரிமை, காட்டில் வாழ்ந்தோரின் அனுபோகம் ஆகியவை ஒன்றன்மேலொன்று அடுக்கப்பட்டு, எவை எங்கே முடிகின்றன என்பது நீதிமன்றங்களின் நெடுநாள் வழக்காயிற்று. 1969இல் தமிழ்நாட்டு அரசு கூடலூர்ச் சன்ம நிலங்களை ஒழிக்கும் சட்டத்தை இயற்றிய பின்னரும் அவ்வழக்குகள் பல பதிற்றாண்டுகள் நீடித்தன.

பொன் நிலமென விற்கப்பட்ட கோப்பி நிலத்தை ஈற்றிற் காப்பாற்றியது தேயிலை. தொண்ணூறுகளுக்குப் பின் படிப்படியாகத் தேயிலைத் தோட்டங்கள் குன்றுகளை மூடின. சுரங்க வாயில்கள் செடிகளின் நடுவே கறுத்த துளைகளாக எஞ்சின. கிளென்றொக் முதலிய பெயர்கள் கம்பனியை விட்டுத் தோட்டத்தைச் சேர்ந்தன.

1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்தில் வாழ்ந்த 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களின் கருத்தைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தம் அன்று அது. அவர்களுக்கு வேலையளிக்கும் நோக்குடன் 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னர் அது அரசுக் கழகமாயிற்று. காடழித்துத் தேயிலை நடுதற்குத் தெரிந்த இடங்களுட் பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் சூழல் முதன்மையானது. கோப்பிக்காகப் பாட்டன் மன்னாரிலிருந்து நடந்து சென்ற கண்டிச் சீமையிலிருந்து, பேரன் தலைமன்னாரில் கப்பலேறி, கோப்பி பட்டுப்போன இன்னொரு மலைக்கு வந்து சேர்ந்தான். மாத்தளையிலும் பதுளையிலும் கொழுந்தெடுத்த கைகள் கைவிடப்பட்ட பொன் நரம்பின் மேல் தேயிலைக் கன்றை நட்டன. அவர்களுக்குத் தரப்பட்ட வீடும் லயமே, உரிமைப் பத்திரமில்லை.

பழைய குழிகளில் மனிதர் இறங்குவது நின்றுவிடவில்லை. தேவாலாவைச் சூழ்ந்த குகைகளிலே இரவில் விளக்குடன் சென்று கல்லெடுத்து, இடித்து, பாதரசத்தாற் பொன்னைப் பிரிப்போர் இந்நூற்றாண்டிலும் உளர். சட்டம் அதனைத் தடை செய்கிறது. மண் சரிந்து உயிர்கள் போயுள்ளன. கிடைப்பது சொற்பம். எனினும் தோட்டத்து நாட்கூலியினும் கூடுதலாகக் கிடைக்கும் இரவுகள் உண்டு. கம்பனிகளைக் கவிழ்த்த அதே கல், கணக்கெழுதாதவனுக்கு இன்னும் சிறிது தருகிறது. குறும்பர் காலத்தைப் போலவே இங்கும் உழைப்புக்கு விலை போடுவாரில்லை.

அரசுத் தேயிலைக் கழகமும் பல ஆண்டு நட்டத்துக்குப் பின் தன் எல்லையைச் சுருக்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டிலே இரண்டாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட தேயிலை நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைப்பதென முடிவு செய்யப்பட்டது. கூலி உயர்வும் தேயிலை விலையும் ஒத்துவரவில்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஓய்வுபெற்ற தொழிலாளர் லயத்தை விட்டு வெளியேற வேண்டுமா, வேறு வீடு கிடைக்குமா என்ற கேள்வியோடு தொழிற்சங்கங்கள் கூடலூரிலும் பந்தலூரிலும் கூட்டம் கூட்டின. ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலேறியபோது குழந்தைகளாயிருந்தவர்கள் அவ்வோய்வு பெற்றோருள் இருந்தனர்.